இருபது வளைவும் ஒரு சாண் குழாயும்

ஏற்காட்டுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், "பஸ்ஸிலா, காரிலா?" என்று கேட்கிறார்கள். இரண்டிலும் இல்லை. அத்தையின் அம்பாஸடரில் போனேன். அதைக் கார் என்று சொன்னால் அத்தைக்குக் கோபம் வரும். 'வண்டி' என்றுதான் சொல்ல வேண்டும். அதுவும் வீட்டு மனுஷர் ஒருவரைப் பற்றிப் பேசுகிற குரலில்.

வண்டி 1972ஆம் வருஷத்தது. மார்க் 2. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில், 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை பிறந்துகொண்டே இருந்த பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. முன் ஸீட்டு, கிராமத்து வீட்டுத் திண்ணையைப் போல ஒரே நீளம். கியர், ஸ்டியரிங்கின் கழுத்தில் இருக்கும். மாமா இதை 1979இல் யாரிடமிருந்தோ பழசாக வாங்கினார். 1981இல் கல்யாணமானதும், அத்தையை ஏற்றிக்கொண்டு அவர் போன முதல் பிரயாணம் ஏற்காட்டுக்கு. மாமா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து வண்டி மாம்பலத்துக் கொட்டகையில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் போய், அத்தையைப் பிள்ளையார் கோவில் வரை அழைத்துப்போய் வருவேன். அதுதான் அதற்கு ஆகாரம், தேகப்பயிற்சி எல்லாம்.

டொராண்டோவில் இருக்கும் பிள்ளை, "வித்துடும்மா" என்று டெலிபோனில் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த வண்டிகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு இந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அத்தையின் வண்டிக்குத் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. சேலத்தில் பழைய வண்டிகளும் உதிரிச் சாமான்களும் வாங்கி விற்கும் ஒருவர், வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

அத்தை ஒரு நிபந்தனை போட்டாள். "ஏற்காட்டுக்குத் தானா ஏறி, தானா இறங்கட்டும். அப்படி ஏறிட்டா வீட்டுக்குத் திரும்பி வரட்டும். ஏறலைன்னா சேலத்தோட சரி. நான் பஸ்ஸிலே வந்துடறேன்."

இப்படியாக, 2025 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, புளியோதரைத் தூக்கும் கையுமாக அத்தை முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பவில்லை.

சோக்கை இழுத்தேன். சாவியைத் திருகினேன். 'கர்ர்... கர்ர்...' என்று முக்கியது. மறுபடி திருகினேன். எதிர் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஏறக்குறைய ஒரு நிமிஷம் இந்தக் கச்சேரி நடந்த பிறகு, ஒன்றுமே நடக்காதது போல எஞ்ஜின் பிடித்துக்கொண்டு அழகாக ஓட ஆரம்பித்தது.

"காலையிலே எழுந்திருக்க அதுக்குக் கொஞ்சம் நாழியாகும். மாமாவும் அப்படித்தான்" என்றாள் அத்தை.

செங்கற்பட்டு, மதுராந்தகத்து ஏரி, திண்டிவனம் எல்லாம் வந்தன, போயின. விழுப்புரம் தாண்டி இட்லிக்காக இருபது நிமிஷம் நிறுத்தினோம். திரும்பி வந்து சாவியைத் தொட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. இது எனக்கு அப்போது ஒரு விசேஷமாகவே படவில்லை. படித்தவன் என்று பெயர்!

உளுந்தூர்ப்பேட்டையில் மேற்கே திரும்பி, கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாக ஆத்தூரை நெருங்கும்போது பூமியின் முகமே மாறுகிறது. வடக்கே கல்வராயன் மலை கூடவே நடந்து வருகிறது. சாலையின் இரண்டு பக்கமும் மரவள்ளிக் கொல்லைகள். அவற்றுக்கு நடுவே, யாரோ சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளை வெளேரென்ற பெரிய களங்கள். ஜவ்வரிசி காய்கிறது! நம் வீட்டுப் பாயஸத்துக்கும் வடாத்துக்கும் பிறந்த வீடு இதுதான். அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

கிழங்கைத் தோல் சீவி, கழுவி, அரைக்கிறார்கள். வரும் பாலை வடிகட்டித் தொட்டிகளில் தெளிய விடுகிறார்கள். மேல் நீரை வடித்தால், அடியில் மாவு கட்டியாக நிற்கிறது. அந்த ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கி மணி மணியாகத் திரட்டி, சூடான தட்டில் வறுத்து, வெயிலில் கொட்டுகிறார்கள். களத்தில் வேலை செய்த பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலால் ஜவ்வரிசியைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டிருந்தார்கள். இந்த உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான 'சேகோசர்வ்' 1981இல் சேலத்தில் ஆரம்பமானது. "நான் கல்யாணமாகி வந்த வருஷம்" என்றாள் அத்தை. ரொம்பப் பளபளவென்று இருக்கும் ஜவ்வரிசியை வாங்கக் கூடாதென்று அங்கிருந்த ஓர் அம்மாள் அத்தையின் காதோடு சொன்னாளாம். நல்லது சற்று மங்கலாகத்தான் இருக்குமாம்.

ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. வண்டி கிளம்பப் பத்துப் பன்னிரண்டு விநாடி முக்கியது. இதையும் நான் பார்த்தேன்; யோசிக்கவில்லை.

சேலத்தில் ராத் தங்கல். மறுநாள் காலை, ஓட்டல் வாசலில் வண்டி கிளம்ப அடியோடு மறுத்துவிட்டது. நம் ஊரில் கிளம்பாத வண்டியைச் சுற்றி வைத்தியர்கள் கூடுவது போல வேறு எதைச் சுற்றியும் கூட மாட்டார்கள். "பாட்டரி போச்சு சார்" என்றார் ஒருவர். "பிளக்கு" என்றார் இன்னொருவர். "காயில் சூடேறிப் போச்சு" என்றார் மூன்றாமவர்; காலை ஏழு மணிக்கு, ராத்திரி முழுவதும் பனியில் நின்ற வண்டியில் எது சூடேறும் என்று அவர் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வந்த மெக்கானிக், பிளக்குகளைச் சுரண்டி, கார்புரேட்டரைக் கழற்றி ஊதித் துடைத்து மாட்டினார். பிறகு அதன் வாயில் ஒரு மூடி பெட்ரோலை ஊற்றினார். வண்டி கிளம்பியது. 700 ரூபாய் வாங்கிக்கொண்டார். நான் சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

அத்தை மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"ஏண்டா, பம்ப் ஸ்டவ் எரியலைன்னா நீ என்ன பண்ணுவே?"

நான் பம்ப் ஸ்டவ்வைப் பார்த்தே இருபத்தைந்து வருஷம் ஆகிறது என்றேன்.

"முதல்லே எண்ணெய் இருக்கான்னு பார்ப்போம். அப்புறம் காத்து நிக்கறதான்னு பார்ப்போம். பம்ப் வாஷர் காஞ்சு போயிருந்தா ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவோம். கடைசியிலேதான் பின்னை எடுத்து பர்னரைக் குத்தறது. இவர் என்னடான்னா எடுத்தவுடனே பின்னைத் தூக்கிண்டு வரார். வாயிலே பெட்ரோல் ஊத்தினதும் எரிஞ்சதுன்னா, வாய் சரியா இருக்குன்னுதானே அர்த்தம்? சாப்பாடு வரலைங்கறதுதானே வியாதி?"

நான் பதில் சொல்லவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது, ஓடுகிற வண்டியைப் பற்றிச் சர்ச்சை எதற்கு?

கோரிமேட்டைத் தாண்டியதும் எதிரே சேர்வராயன் மலை சுவர் போல நிற்கிறது. அடிவாரத்துச் சோதனைச் சாவடியிலிருந்து சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் இருபது. ஒவ்வொன்றுக்கும் 1/20, 2/20 என்று பலகை வைத்திருக்கிறார்கள். பரீட்சை எழுதும் பையனுக்கு மார்க் போடுவது போல! அத்தை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். மூங்கில் புதர்கள் பின்னால் போயின. குரங்குகள் குடும்ப சமேதராகச் சுவரில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. காற்று குளிர்ந்தது. இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டே ஏறியது.

பதினொன்றாவது வளைவில் ஒரு விக்கல். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பலம் குறைந்தது; காலை எடுத்தால் சற்றுத் தேறியது. பன்னிரண்டு, பதின்மூன்று. பதினான்காவது வளைவைத் திரும்பியதும், ஏப்பம் விட்டு நின்றுவிட்டது.

நான் கை பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்க, அறுபத்தெட்டு வயதில் அத்தை இறங்கி, பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஒரு காரில் வந்த இளைஞர்கள் நின்று விசாரித்தார்கள். "வேப்பர் லாக் அங்கிள். ஏ.ஸி. பம்ப் மேல ஈரத் துணி போடுங்க" என்றார்கள்.

"இந்த வண்டியிலே ஏ.ஸி. ஏது?" என்றாள் அத்தை.

ஏ.ஸி. என்பது அந்த மாதிரி பம்புகளைச் செய்த பழைய கம்பெனி ஒன்றின் முதலெழுத்து. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு, எஞ்ஜின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்பு எல்லாமே 'ஏ.ஸி. பம்பு'தான். சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது உண்டு. சித்திரை வெயிலில் இந்த ஈரத் துணி வைத்தியம் பலிக்கவும் செய்யும். என் துண்டை நனைத்துப் போட்டேன். கால் மணி கழித்து வண்டி கிளம்பியது. நூறு கஜம் போய், மறுபடி நின்றது. அத்தை மறுபடி கல்லைத் தேடினாள்.

"சுத்தி மூடுபனி. என் கையெல்லாம் விறைக்கறது. இதுலே எதுடா ஆவியாகும்?" என்றாள்.

அப்போது மேலேயிருந்து ஒரு காப்பித் தோட்டத்து ஜீப் இறங்கி வந்தது. அதை ஓட்டி வந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும் ஓரங்கட்டினார். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"எப்பங்க மக்கர் பண்ணுது? காலையிலயா, ஓடி நின்ன சூட்டிலயா?"

நான் யோசிக்காமல் விட்டதெல்லாம் அப்போதுதான் வரிசையாக வந்து நின்றது. இருபது நிமிஷம் நின்றால் உடனே கிளம்பியது. ஒரு மணி நின்றால் சற்று முக்கியது. ராத்திரி முழுவதும் நின்றால் கிளம்பவே இல்லை. சொன்னேன்.

"அப்ப சூட்டுக் கோளாறு இல்லீங்க. நிக்க நிக்கப் பெட்ரோல் டாங்கிக்கே திரும்பிப் போயிருது. எங்கியோ காத்து வாங்குது. பாத்துரலாம்."

அவர் பார்த்த விதத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. பின்னால் போய், பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்து காது கொடுத்தார். மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால், திறக்கும்போது 'உஸ்' என்று உள்ளே இழுக்குமாம். சத்தம் இல்லை, அது சரி. அப்புறம் காற்று வடிகட்டியைக் கழற்றி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கம்பியைத் தட்டினார். பெட்ரோல் பீச்ச வேண்டிய இடம் உலர்ந்து கிடந்தது. எஞ்ஜினுக்குச் சாப்பாடு வரவில்லை என்பது நிச்சயம். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு காயிலின் ஒயரைப் பிடுங்கினார். பெட்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது எங்கேயும் பொறி பறக்கக் கூடாது. வேடிக்கை பார்க்க நின்ற ஒருவரின் பீடியையும் அணைக்கச் சொன்னார். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, என்னை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். பாட்டிலில் விழுந்தது பெட்ரோல் இல்லை; கோலி சோடா! நுரையும் குமிழியுமாக, விட்டு விட்டுத் துப்பியது.

"பம்பு போயிருச்சா?" என்று கேட்டேன். சேலத்து மெக்கானிக் இருந்திருந்தால் அந்நேரம் புதுப் பம்பு வாங்கப் பணம் கேட்டிருப்பார்.

"அதையும் கேட்டே பாத்துரலாங்க" என்றார் பெரியவர். ஜீப்பிலிருந்து ஒரு கேனில் பெட்ரோல் எடுத்துவந்தார். பம்புக்குள் வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தம்முடைய குழாய் ஒன்றை மாட்டி, மறு முனையைக் கேனில் விட்டார். மறுபடி சுற்றினேன். இந்தத் தடவை கட்டையாக, சீராக, துடிப்புக்கு ஒரு வீச்சாகப் பெட்ரோல் பாட்டிலில் விழுந்தது. பம்பு நிரபராதி! டாங்கியிலிருந்து வரும் இரும்புக் குழாயை வாயால் ஊதினார். பின்னால் டாங்கிக்குள் 'களகள'வென்று சத்தம். அங்கேயும் அடைப்பு இல்லை.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. இரும்புக் குழாயையும் பம்பையும் இணைக்கும் ஒரு சாண் ரப்பர்க் குழாய். எஞ்ஜின் ஆடும்போது இரும்பு முறியாமல் இருப்பதற்காக வைத்தது. அதைக் கழற்றி வளைத்தார். மேலே பார்க்க நன்றாக இருந்த குழாய், வளைத்ததும் வறண்ட ஏரி மண் போல வெடிப்பு வெடிப்பாக வாய் பிளந்தது.

"ஆனா, கீழே ஒரு சொட்டுக்கூடச் சிந்தலையே?" என்றேன்.

அவர் சிரித்தார். "இது பம்புக்கு இந்தாண்டை இருக்குதுங்க. உறிஞ்சற பக்கம். இங்க ஓட்டை இருந்தா பெட்ரோல் வெளிய வராது. காத்துதான் உள்ள போவும்."

"இளநீர் குடிக்கிற குழாயிலே ஓட்டை இருந்தா?" என்றாள் அத்தை.

"அதேதானுங்கம்மா!"

எல்லாம் விளங்கிவிட்டது. நிற்கும்போது வெடிப்பின் வழியே காற்றுப் புகுந்து, குழாயில் இருந்த பெட்ரோல் தாழ்வாக இருக்கும் டாங்கிக்கு இறங்கிவிடுகிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருப்பது சிறிது நேரம் தாங்கும், ராத்திரியெல்லாம் தாங்காது. சமதரையில் ஓடும்போது, காற்றோடு கலந்து வரும் பெட்ரோலே வண்டிக்குப் போதுமாக இருக்கிறது. மலையில் எஞ்ஜினுக்குப் பசி அதிகம். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுவதால் பின்னால் இருக்கும் டாங்கி இன்னும் தாழ்ந்துபோகிறது. பம்பு இன்னும் ஆழத்திலிருந்து இறைக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, கயிறோ இற்றுப் போயிருக்கிறது என்ற கதை.

நாலு வருஷத்துக்கு முன் யாரோ மாட்டிய சாதாரணக் குழாய் அது. "இப்ப வர்ற பெட்ரோலுக்கு இது தாங்காதுங்க" என்றார் பெரியவர். 2025க்குள் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்துவிட்டார்கள். புது வண்டிகளை அதற்கு ஏற்றபடி செய்கிறார்கள். பழைய வண்டிகளின் ரப்பரை அது உலர்த்தி வெடிக்க வைக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகையால், கொட்டகையில் நிறுத்திவைக்கும் வண்டிக்கு எத்தனாலைத் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் வெறும் 'குழாய்' என்று கேட்டு வாங்கிவிடுகிறோம்.

ஜீப்பில் இருந்த சுருளிலிருந்து ஒரு சாண் வெட்டி மாட்டி, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கினார். பம்பின் அடியில் இருந்த சிறு நெம்பைக் கையாலேயே இருபது தடவை ஆட்டி, பெட்ரோலை மேலே வரவழைத்தார். "இப்ப சாவியத் திருப்புங்க" என்றார்.

தொட்டதும் கிளம்பியது.

குழாய்க்கு 80 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். அத்தை புளியோதரையில் பாதியைத் தேக்கிலை கிடைக்காமல் தினசரித் தாளிலேயே மடித்துக் கொடுத்தாள். அதை அவர் மறுக்கவில்லை.

மிச்சம் ஆறு வளைவுகளையும் அத்தை எண்ணவே இல்லை.

ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிசு. கார்புரேட்டர் வண்டிக்குப் பலம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அது கோளாறில்லை, மலையின் சுபாவம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை, இங்கே காப்பி பயிரிட வைத்தார். நாங்கள் போனது காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஸில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, நிழலில் காப்பிச் செடிகள் குங்குமச் சிவப்பாகப் பழுத்து நின்றன. பழம் இனிக்கும் என்பது எனக்குத் தெரியாது. அத்தை ஒன்றை வாயில் போட்டுக் காண்பித்தாள். ஏரிக்கரையில் கூட்டம், பஜ்ஜி வாசனை, படகு. அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. சேர்வராயன் கோவில், மலையின் தலையில் ஒரு குகை. தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே போக முடியும். சாயங்காலம் லேடீஸ் ஸீட்டில் நின்றால், கீழே சேலம் நகரமே கொட்டி வைத்த ஜவ்வரிசி போல விளக்கு விளக்காக மினுங்குகிறது. "அன்னிக்கு இவ்வளவு விளக்கு இல்லை" என்றாள் அத்தை. வெகு நேரம் அந்த இடத்தை விட்டு அவள் அசையவில்லை.

உண்மையான பரீட்சை மறுநாள் காலை. விடுதி வாசலில் ராத்திரி முழுவதும் பனி கொட்டியிருந்தது. கண்ணாடியெல்லாம் வெள்ளை. ஆறு மணிக்கு அத்தை என்னை எழுப்பிவிட்டாள். பால்காரர் ஒருவரும், விடுதிக் காவலாளியும், நானும், சால்வையைத் தலையோடு போர்த்திய அத்தையும். சோக்கை இழுத்துச் சாவியைத் திருகினேன். ஒரு 'கர்ர்', இரண்டாவது 'கர்ர்' முடியவில்லை. எஞ்ஜின் பிடித்துக்கொண்டது.

அத்தை வண்டியின் முன் பானெட்டில் படிந்திருந்த பனியை முந்தானையால் துடைத்துவிட்டு, "பகோடா பாயிண்டுக்குப் போய்ச் சூரியோதயம் பார்த்துட்டு இறங்கலாம்" என்றாள்.

சேலத்தில் அந்த வியாபாரி தம் கடை வாசலிலேயே காத்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், கதவைத் திறந்து மூடினார், எஞ்ஜினைக் கேட்டார். தாம் முன்பு சொன்ன விலைக்கு மேல் பத்தாயிரம் ரூபாய் கூட்டினார். அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த அந்த வெடித்த குழாய்த் துண்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இந்த அளவிலே, புதுப் பெட்ரோலுக்குத் தாங்கற குழாய் ஒரு கஜமும் கிளிப் நாலும் வேணும். இருக்கா?"

இருந்தது. பில் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.